தாயாரின் வயதும் ஜில்லாவின் கணக்கும்

பாளையங்கோட்டையில் கண்பார்வையற்ற பிள்ளைகளுக்காக ஆஸ்க்வித் அம்மையார் 1890ஆம் ஆண்டில் தொடங்கிய பள்ளியும், அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே காதுகேளாத பிள்ளைகளுக்காக பிளாரன்ஸ் ஸ்வெயின்ஸன் அம்மையார் ஏற்படுத்திய பள்ளியும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவருகின்றன. மேற்கே ஆய்க்குடியில், 1975இல் கடற்படை உத்தியோகத் தேர்வுக்குச் சென்ற இடத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோன எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் தம் சொந்தக் கிராமத்திலேயே அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். பின்னாளில் அவரோடு சேர்ந்துகொண்ட எஸ். சங்கரராமனும் தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அந்த ஸ்தாபனத்தைப் பெருக்கினார். இந்த மூன்று ஸ்தாபனங்களையும் நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியின் இரு கரைகளிலும் வாழும் ஜனங்கள், உடற்குறையுடையோரின் நலத்தில் இத்தேசத்தின் வேறெந்தப் பகுதிக்கும் பின்தங்கியவர்கள் அல்லர் என்று சொல்வது முகஸ்துதி ஆகாது.

ஆயினும் இந்த முயற்சிகளில் பெரும்பாலானவை குழந்தையிடமிருந்து தொடங்குகின்றன. குழந்தைக்குக் கல்வி, குழந்தைக்குப் பயிற்சி, குழந்தைக்குச் சிகிச்சை என்று சிந்தித்துப் பழகிய நம் தர்மசிந்தையும், நம் சர்க்காரின் திட்டங்களும், அந்தக் குழந்தை மீசை முளைத்து, நரை கண்டு, நாற்பது வயதுக்காரனாக நம் எதிரில் நிற்கும்போது என்ன செய்வதென்று அறியாமல் திகைக்கின்றன. இந்தத் திகைப்பு மிகக் கொடுமையாகத் தெரியும் இடம் ஆட்டிசம். மூளையின் வளர்ச்சி பிறவியிலேயே வேறொரு வழியில் அமைந்துவிடுவதால், பேசுவதிலும், பிறரோடு பழகுவதிலும், ஒலி ஒளி தொடுகை ஆகியவற்றைத் தாங்குவதிலும், பழகிய ஒழுங்கை நாடுவதிலும் மற்றவர்களினின்றும் வேறுபட்டும், தமக்குள்ளேயே ஒருவருக்கொருவர் வேறுபட்டும் இருக்கிற இம்மனிதர்களை இந்த நிலை ஆயுள் முழுவதும் தொடர்கிறது. அவர்களில் ஒரு வார்த்தையும் பேசாதவர்களும் உண்டு. என்ஜினீயரிங் படித்துப் பட்டம் பெற்று, தாம் ஏன் எல்லோரையும்போல் இல்லை என்று ஒருநாளும் அறியாமல் போகிறவர்களும் உண்டு.

ஆட்டிசமுடைய பெரியவர்களின் தொகை பெருகுகிறது என்று சொல்லும்போது அதைக் கொள்ளைநோய் பரவுவதைப்போல் எண்ணிவிடலாகாது. 1943இல் லியோ கன்னர் என்ற வைத்தியர் அமெரிக்காவில் பதினொரு குழந்தைகளை வர்ணித்து எழுதியபோது அது மிக அபூர்வமானதொரு நிலை என்று கருதப்பட்டது. அதன்பிறகு வைத்திய சாஸ்திரம் இலக்கணத்தை விரித்துக்கொண்டே சென்று, 2013இல் பல பிரிவுகளையும் ஒரே வரிசையாக இணைத்தது. முன்னே மந்தபுத்தி என்றும், பிடிவாதம் என்றும், பைத்தியம் என்றும் தள்ளப்பட்டவர்கள் இப்போது உரிய பெயரைப் பெறுகிறார்கள். இங்கிலாந்தில் 2007இல் வயதுவந்தோரிடையே நடந்த ஒரு பரிசோதனையில் நூற்றுக்கு ஒருவர் வீதம் இந்நிலையில் இருப்பது கண்டறியப்பட்டது. வயது ஏற ஏற அந்த வீதம் குறையவுமில்லை. அதாவது, ஆட்டிசமுடைய கிழவர்களும் கிழவிகளும் எப்போதும் இருந்தே வந்திருக்கிறார்கள். எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. நம் நாட்டிலோ, 1995ஆம் வருஷத்துச் சட்டம் ஆட்டிசத்தைக் குறிப்பிடவே இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் அதை முதன்முதலில் ஏற்றது. 2016இல் நிறைவேறி மறுவருஷம் ஏப்ரல் 19ஆம் தேதி அமலுக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை இருபத்தொரு வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. இந்தச் சட்டங்களின் காலத்தில் ஐந்து வயதிலும் ஆறு வயதிலும் பெயர் குறிக்கப்பட்ட குழந்தைகளே இன்று பெரியவர்களாகி வருகிறார்கள். ஒவ்வொரு வருஷமும் ஒரு வகுப்பு பதினெட்டைத் தாண்டுகிறது. அதற்கு முந்திய தலைமுறையோ பெயரே இல்லாமல் வீட்டுத் திண்ணைகளில் இருக்கிறது.

எத்தனை பேர்? தென்காசி தனி ஜில்லாவாகப் பிரிவதற்கு முன்பிருந்த திருநெல்வேலி ஜில்லாவின் ஜனத்தொகை 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 30,77,233. அதில் வயதுவந்தோர் சுமார் 21 லட்சம் என்று வைத்துக்கொண்டு, கொல்கத்தாவில் பள்ளிக் குழந்தைகளிடையே கண்டு 2017இல் வெளியிடப்பட்ட நூற்றுக்கு 0.23 என்ற குறைந்த வீதத்தைப் பிரயோகித்தால், ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் வருகிறார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் குழந்தைகளுக்குச் சொல்லிவந்த நூற்றுக்கு ஒன்று என்ற வீதத்தைக் கொண்டால் இருபதினாயிரத்தைத் தாண்டுகிறது. இவை அனுமானங்களேயன்றி எண்ணிக்கை அல்ல. இரண்டுக்கும் இடையே நான்கு மடங்கு வித்தியாசம் இருப்பதே, கணக்கில்லாமல் திட்டம் போடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதைக் காட்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புப் படிவத்தில் ஆட்டிசத்துக்கு ஒரு கட்டமே கிடையாது. கன்னடியன் கால்வாயிலும் மருதூர் அணைக்கட்டிலும் எத்தனை ஏக்கர் பாய்கிறது, கடைமடை எந்த ஊர் என்பதை ஆயக்கட்டுப் பதிவேடுகளில் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்திருக்கும் ஒரு பிரதேசத்தில், இந்த மனிதர்களுக்கு மட்டும் ஆயக்கட்டு எழுதப்படவில்லை.

இனி, உள்ள சேவைகள் எங்கே நின்றுபோகின்றன என்று பார்ப்போம். தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் வைத்தியக் குழு வந்து பரிசோதித்து, ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரியிலோ வைத்தியக் கல்லூரியிலோ உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறது; அத்திட்டம் பதினெட்டு வயதோடு முடிகிறது. பள்ளிக்கல்வித் துறையின் சிறப்புப் பயிற்றுநர்கள் பள்ளிக்கு வருகிறார்கள், வரமுடியாத பிள்ளைகளின் வீட்டுக்கும் போகிறார்கள். அதுவும் பள்ளிப் பருவத்தோடு முடிகிறது. பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி ஆகியவற்றைத் தருகிற தனியார் மையங்களும் சிறுவர்களையே விரும்பி ஏற்கின்றன. இருபது வயது வாலிபன் கோபத்தில் மேசையைத் தள்ளினால் தாங்குவதற்கு அங்கே ஆளும் இல்லை, இடமும் இல்லை. இப்படியாக, பதினெட்டாவது பிறந்தநாளுக்கு மறுநாள் அந்த மனிதனுக்கு வைத்தியக் குழுவும் இல்லை, வாத்தியாரும் இல்லை, காலையில் புறப்பட்டுச் செல்ல ஓர் இடமும் இல்லை. மிஞ்சுவது தாயார் ஒருவரே.

முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் மேலப்பாளையத்திலும் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்களைக் கவனித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். வீட்டைவிட்டு நகராமல் செய்யக்கூடிய தொழில் என்பதனாலேயே இப்படிப்பட்ட பிள்ளையை உடைய தாய்மாருக்குப் பீடி சுற்றுவது ஜீவனோபாயமாக அமைந்துவிடுகிறது. இலையை நனைத்து வெட்டும் வேலைக்கும், பையன் வாசற்கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடாமல் பார்க்கும் வேலைக்கும் நடுவே அவள் இருபது வருஷம், முப்பது வருஷம் கழிக்கிறாள். அவளுக்கு வாரத்தில் ஒருநாள் விடுமுறை கிடையாது; கல்யாண வீட்டுக்குப் போவதற்கும், தன் கண்ணுக்குப் புரை எடுத்துக்கொள்வதற்கும்கூட அவளுக்கு மாற்றாள் இல்லை. "எனக்குப் பெறவு இவன யாரு பாப்பா?" என்று அவள் கேட்கும் கேள்வி, கல்லிடைக்குறிச்சி அக்ரஹாரத்தில் பென்ஷன் வாங்கும் தகப்பனார் இரவில் தூங்காமல் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வியேதான். ஆனால் இருவருக்கும் ஒரு பெரிய பேதம் உண்டு. சர்க்கார் உத்தியோகம் பார்த்தவரின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் ஆயுள் முழுவதும் கிடைக்க விதி இருக்கிறது. பீடி சுற்றியவளின் பிள்ளைக்கு அப்படியொரு பாதுகாப்பு இல்லை. ஆட்டிசம் ஜாதி பார்த்தோ வருமானம் பார்த்தோ வருவதில்லை. ஆனால் அதோடு முதுமை அடைவது மட்டும் ஏழைக்கு ஒருவிதமாகவும் பணக்காரனுக்கு வேறுவிதமாகவும் இருக்கிறது.

இங்கே ஒரு பழைய அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 1950களிலும் 1960களிலும் மேல்நாட்டு மனோதத்துவத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த ஒரு கொள்கை, தாயின் அன்பின்மையே குழந்தையின் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று சாதித்தது. தாமே இப்படியொரு மகனுக்குத் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற மனோதத்துவ அறிஞர் 1964இல் அதை ஆதாரத்தோடு மறுத்தார். கொள்கை போயிற்று, ஆனால் தாய்மேல் ஏற்றிய பாரம் போகவில்லை. அன்று குற்றத்தை அவள் தலையில் சுமத்தினார்கள். இன்று பொறுப்பு முழுவதையும் அவள் தோளில் வைத்துவிட்டு, அவளுடைய பொறுமையைப் புகழ்கிறோம். புகழ்ச்சி ஒரு சேவை ஆகாது.

நான் வற்புறுத்த விரும்பும் கருத்து இதுதான்: இந்த மனிதர்களுக்காக ஜில்லாவில் திட்டம் வகுக்கும்போது முதலில் எழுதிக்கொள்ள வேண்டிய எண், அவர்களுடைய குறைபாடு நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதன்று; அவர்களைக் காத்துவரும் தாய் அல்லது தகப்பனாரின் வயது. மகனுக்கு முப்பத்தைந்து, தாய்க்கு அறுபத்தெட்டு என்றால், இன்னும் பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் அந்த வீட்டில் ஒரு மாற்றம் நேரப்போகிறது என்பதைச் சோதிடம் பார்க்காமலே எவரும் சொல்லிவிடலாம். 2023 டிசம்பர் 17ஆம் தேதி காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஸ்ரீவைகுண்டம் தீவாகிப் போய், ரயிலோடு பிரயாணிகளும் நடுவழியில் சிக்கிக்கொண்டதை யாரும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. தாயின் முதுமையோ வருஷம் தவறாமல், எல்லோர் கண்ணுக்கும் தெரியவே வருகிறது. எதிர்பாராத வெள்ளத்துக்குக்கூடப் படகும் சோறும் அனுப்பத் தெரிந்த ஒரு நிர்வாகம், தெரிந்தே வருவதற்கு ஒரு ஏற்பாடும் செய்யாமல் இருப்பது நியாயமாகாது.

அந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் எட்டாவது பிரிவு, ஒவ்வொரு ஜில்லாவின் பேரிடர் மேலாண்மை ஆணையமும் அந்த ஜில்லாவில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. அந்த ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர். தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பதினெட்டு வயதைக் கடந்த ஆட்டிசமுடையோர் முதலானவர்களுக்குப் பாதுகாவலரை நியமிக்கும் உள்ளூர் நிலைக் குழுவின் தலைவரும் கலெக்டரே. ஆகவே எவர் எங்கே இருக்கிறார் என்று அறியவேண்டிய கடமையும், அவருக்குப் பின்னாளில் யார் பாதுகாவலர் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் ஒரே மேசையில் வந்து சேருகின்றன. புதிய சட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. அந்த மேசையில் உள்ள இரண்டு கோப்புகளையும் ஒன்றாகத் தைத்து, நடுவிலே தாயின் வயதுக்கு ஒரு பத்தி சேர்த்தால் போதும்; அடுத்த பத்து வருஷத்தில் எந்தத் தாலுகாவில், எத்தனை பேருக்கு, எந்த வருஷவாக்கில் மாற்று இல்லம் தேவைப்படும் என்பது ஓரளவு துல்லியமாகத் தெரிந்துவிடும். இங்கிலாந்தில் 2009இல் ஆட்டிசத்துக்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டு, மறுவருஷம் பெரியவர்களுக்கான தேசியத் திட்டம் வெளிவந்தபோது, ஸ்தல ஸ்தாபனங்கள் தம் எல்லைக்குள் பதினெட்டை நெருங்குகிறவர்கள் எத்தனை பேர், முதுமையை நெருங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று வயதுவாரியாக அறிந்திருக்க வேண்டுமென்று எதிர்பார்க்கப்பட்டது. அங்கேயும் காரியங்கள் முழுவதும் நடந்துவிடவில்லை. ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்டார்கள்.

தாய்க்குப் பிறகு என்ன என்பதற்கு உலகம் இரண்டு விதமான உத்தரங்களைக் கண்டிருக்கிறது. ஒன்று, கன்னர் வர்ணித்த பதினொரு குழந்தைகளில் முதலாவதாக எழுதப்பட்ட டோனால்டு டிரிப்லெட்டின் வாழ்க்கை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாகாணத்தில் பாரஸ்ட் என்ற சிற்றூரில் 1933இல் பிறந்த அவரை, நான்கு வயது நிரம்புமுன்பே ஒரு விடுதியில் சேர்த்தார்கள். அங்கே அவர் உயிரற்ற பதுமைபோல் ஆனதைக் கண்டு பெற்றோர் 1938இல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பிறகு அவர் ஒரு குடியானவர் வீட்டில் சில வருஷம் வளர்ந்து, பள்ளியும் கல்லூரியும் முடித்து, தம் ஊர் பாங்கியில் பல பத்தாண்டுகள் உத்தியோகம் பார்த்தார். 1985இல் தாயார் காலமானபோது அவர் ஐம்பது வயதைக் கடந்திருந்தார். அதன்பின் 2023 வரையில், அதாவது இன்னும் முப்பத்தெட்டு வருஷம், அதே வீட்டில், அதே பாங்கி, அதே காபிக்கடை, அதே கால்ப் மைதானம் என்று, ஊரார் அனைவரும் தம்மை அறிந்திருக்கும் நிலையில் வாழ்ந்து எண்பத்தொன்பதாவது வயதில் மறைந்தார். குடும்பத்துக்குச் செல்வம் இருந்தது, அந்தப் பாங்கியே உறவினருடையது என்பவற்றை மறைக்கக் கூடாது. ஆனாலும் அவருக்கு உதவியவற்றில் பணத்தால் வாங்க முடியாதது, அவர் வீட்டைவிட்டுப் பெயர்க்கப்படவில்லை என்பதே. ஒழுங்கையும் பழக்கத்தையும் உயிராகக் கொண்ட ஒருவருக்கு, தாயையும் வீட்டையும் தெருவையும் ஒரே நாளில் பறிப்பதைக் காட்டிலும் கொடிய துன்பம் இல்லை.

மற்றொரு உத்தரத்தை நாம் தேடிப்போக வேண்டியதில்லை. ராமநாதபுரம் ஜில்லாவில் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலை, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் இருபத்தெட்டுப் பேர், கொட்டகை தீப்பிடித்தபோது ஓடமுடியாமல் கருகி மாண்டார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் என்று நான் நம்பவில்லை. வேறு போக்கிடம் இல்லாத குடும்பங்கள் அவை. பகலில் நாலு மணி நேரம் பார்த்துக்கொள்ள ஓர் இடம், மாதத்தில் இரண்டு நாள் ஓய்வு, இரவில் அழைத்தால் வர ஒரு வைத்தியர் என்ற சிறிய உதவிகள் ஊரிலேயே கிடைக்காதபோது, தூரத்திலுள்ள பெரிய உதவியை நாடி ஜனங்கள் போகிறார்கள். அந்தப் பெரிய உதவி சில சமயம் சங்கிலியாக இருக்கிறது. அந்தத் தீக்குப் பிறகு சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டது, விடுதிகளுக்கு உரிமம் வந்தது, மேற்பார்வை வந்தது. ஊரில் உள்ள சிறிய உதவி மட்டும் இன்னும் வரவேண்டியிருக்கிறது.

2016ஆம் ஆண்டுச் சட்டம் இந்த விஷயத்தில் நல்ல பக்கத்தில்தான் நிற்கிறது. மாற்றுத்திறனாளி எவரையும் ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் வசிக்க வேண்டுமென்று கட்டாயப்படுத்தக் கூடாது, வீட்டிலும் சமூகத்திலும் வாழ்வதற்கு உரிய துணைச் சேவைகளை அளிக்க முயல வேண்டும் என்று ஐந்தாவது பிரிவு சொல்கிறது. அதிகத் துணை தேவைப்படுவோர்க்குப் பராமரிப்பாளர் படி கொடுப்பதை இருபத்துநான்காவது பிரிவு குறிப்பிடுகிறது. தேசிய அறக்கட்டளையிடம் பகல்நேர மையத்துக்கு ஒரு திட்டம், பெற்றோர் ஓய்வுக்காகக் குறுகிய காலம் தங்கவைக்க ஒரு திட்டம், வயதுவந்தோரின் குழு இல்லத்துக்கு ஒரு திட்டம், ஒரு லட்சம் ரூபாய் வரையில் வைத்தியச் செலவுக்கு நிராமயா காப்பீட்டுத் திட்டம் என்று வரிசையாக இருக்கின்றன. குறை எங்கே என்றால், காப்பீடு நீங்கலாக இவற்றை நடத்துவதற்குப் பதிவு செய்துகொண்ட தர்ம ஸ்தாபனம் ஒன்று முன்வந்து விண்ணப்பிக்க வேண்டும். ஆய்க்குடியைப்போல் ஒரு ஸ்தாபனம் உள்ள இடத்தில் சேவை இருக்கும். அப்படி ஒருவர் தோன்றாத ராதாபுரத்திலும் திசையன்விளையிலும் இராது. பள்ளிக்கூடம் வேண்டுமானால் ஒரு தர்மவான் பிறக்கட்டும் என்று சர்க்கார் காத்திருப்பதில்லை. இந்தச் சேவைக்கு மட்டும் காத்திருக்கிறது. தாலுகாவுக்கு ஒரு பகல் மையம் என்பது விண்ணப்பத்தைப் பொறுத்ததாக இல்லாமல், தாலுகா ஆஸ்பத்திரியைப்போல் நிர்வாகத்தின் கடமையாக வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். உலக வங்கியின் கடனுதவியோடு 2022 முதல் தமிழக சர்க்கார் நடத்திவரும் உரிமைகள் திட்டமும், அதன்கீழ்த் திறக்கப்படும் 'விழுதுகள்' சேவை மையங்களும் இந்தத் திசையில் வைக்கப்பட்ட நல்ல அடி. அந்த மையங்களில் சிறுவர்களின் பயிற்சிக்கு ஒதுக்கும் நேரத்துக்குச் சமமாகப் பெரியவர்களுக்கும் ஒதுக்கப்பட வேண்டும் என்று பெற்றோர் இப்போதே கேட்கவேண்டும். அட்டவணை உறைந்துபோன பிறகு கேட்டுப் பிரயோஜனமில்லை.

ஆய்க்குடியின் அனுபவத்தில் பின்பற்றத்தக்கது ஒன்று உண்டு. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்கள் வீடு வீடாகச் சென்று வளர்ச்சி பிந்திய குழந்தைகளோடு வேலை செய்ய, நிபுணர்கள் கைப்பேசிச் செயலி வழியாக அவர்களை மேற்பார்வை செய்யும் முறையை அந்தச் சங்கம் வெற்றிகரமாக நடத்திக் காட்டியிருக்கிறது. நிபுணர்கள் நகரத்தில் குவிந்திருக்க, தேவையுள்ளவர்கள் கிராமத்தில் சிதறியிருக்கும் நாட்டில் இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தோன்றவில்லை. அதே பெண்கள் அதே வீட்டுக்கு, குழந்தை பெரியவனான பிறகும் போகலாம். போகும் காரியம் மட்டும் மாறும். தனியே குளிக்கவும், சமையற்கட்டில் ஒரு வேலை செய்யவும், பஸ்ஸில் ஏறி ஜங்ஷனில் இறங்கவும் பழக்குவது, வலி எங்கே என்று சொல்லத் தெரியாதவரின் முகத்திலிருந்து பல்வலியைக் கண்டுபிடிப்பது, வலிப்பு வருகிறதா என்று கவனிப்பது ஆகியவை பெரியவர்களுக்கு வேண்டிய காரியங்கள். ஆட்டிசமுடையோரிடையே வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம் என்பது வைத்தியர்கள் அறிந்ததே. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிக் கூட்டத்தில், விளக்கு வெளிச்சமும் கூச்சலும் அறிமுகமில்லாத தொடுகையும் உயிர்போகும் வேதனையாக உள்ள ஒருவர் மூன்று மணி நேரம் வரிசையில் காத்திருக்க இயலாது. வாரத்தில் ஒரு பிற்பகல், முன்கூட்டி நேரம் குறித்து, ஒரே வைத்தியர் பார்க்கும்படி ஓர் அறையை ஒதுக்குவதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

தொழிலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறார்கள், காருகுறிச்சியில் மண்பாண்டம் செய்கிறார்கள், இவை திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகள், ஆகவே ஆட்டிசமுடையவர்களை இவற்றில் அமர்த்திவிடலாம் என்று நல்லெண்ணம் கொண்டவர்கள் சொல்வதுண்டு. நுண்ணிய பட்டுப்பாய் நெய்வது பல வருஷப் பழக்கத்தால் வரும் கலை. அதன் கூலியோ, பரம்பரையாக நெய்கிறவர்களையே அத்தொழிலில் நிறுத்தி வைக்கப் போதவில்லை. ஒருவர் எதை விரும்புகிறார், எதைத் தாங்குகிறார் என்று அறிந்துதான் வேலை தேட வேண்டும். தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் 2020இல் மாற்றுத்திறனாளிகளைக் கொண்டே நடத்தத் தொடங்கிய சிற்றுண்டிச் சாலை, சர்க்கார் இடத்தைக் கொடுத்துப் பயிற்சியும் கொடுத்தால் காரியம் நடக்கும் என்று காட்டியது. ஆயினும் அங்கே வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கைகால் இயக்கத்தில் குறையுடையவர்கள். சர்க்கார் உத்தியோகங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குரிய நான்கு சதவிகிதத்தில் ஒரு சதவிகிதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் முதலியவற்றுக்காக ஒதுக்கப்பட்டுள்ளது. அதைப் பெறச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குக் கையாளப்படும் நாற்பது வினாக்கள் கொண்ட இந்திய அளவுகோலோ, நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு பெரியவரின் உள்ளே இருக்கும் சிரமத்தைச் சரிவர அளப்பதில்லை. நாற்பது சதவிகிதம் என்ற வரம்புக்குக் கீழே விழுந்துவிடுகிற அவருக்கு, எந்தக் கதவும் திறப்பதில்லை.

இல்லங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. ஐந்தாறு பேருக்கு மேல் இல்லாத சிறு வீடாக, அவர்கள் பிறந்த தாலுகாவிலேயே, முடிந்தால் அதே பஸ் வழித்தடத்தில் அமைய வேண்டும். தாய் உயிரோடிருக்கும்போதே மாதத்தில் இரண்டு நாள், பிறகு ஒரு வாரம் என்று அங்கே தங்கிப் பழகியிருக்க வேண்டும். அங்குள்ள தட்டும் படுக்கையும் பாட்டும் அவர் அறிந்தவையாக இருக்க வேண்டும். திருநெல்வேலி ஆனித் தேரோட்டத்தின் மேளமும் வேட்டும் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறவரை அந்த நாட்களில் அமைதியான வேறு ஊருக்கு அழைத்துச் செல்லவும், அதே தேரின் சக்கரத்தைப் பார்ப்பதையே வருஷத்தின் பெரிய சந்தோஷமாகக் கொண்டவரை நான்கு ரதவீதியும் சுற்றிக் காட்டவும் தெரிந்தவர்கள் அங்கே இருக்க வேண்டும். அப்படித் தெரிந்துகொள்ளச் சில வருஷங்கள் ஆகும். ஆகவேதான் தாய்க்கு எண்பது வயதாகும்வரை காத்திருக்கக் கூடாது என்கிறேன்.

தமிழ்நாட்டுப் பெண் ஒருத்திக்குச் சராசரியாக இரண்டுக்கும் குறைவான பிள்ளைகளே பிறக்கிறார்கள். அண்ணனோ அக்காளோ பார்த்துக்கொள்வார்கள் என்ற பழைய நம்பிக்கைக்கு இனி இடம் குறைவு. இருக்கும் ஒரு தமக்கையும் சென்னையிலோ துபாயிலோ இருக்கிறாள். இந்தப் பள்ளத்தாக்கிலேயே தங்கியிருப்பவர்கள் யார் என்று பார்த்தால், பிளஸ் டூ படித்துவிட்டு, பீடித் தொழில் நாளுக்கு நாள் சுருங்குவதைக் கண்டு வேறு வேலை தேடிக்கொண்டிருக்கும் இளம் பெண்கள். பராமரிப்பாளர் பயிற்சிக்குத் தேசிய அறக்கட்டளையிடமே ஒரு திட்டம் உண்டு. இவர்களைப் பயிற்றி, தாலுகா மையத்திலும் சிறு இல்லத்திலும் அமர்த்தினால், ஒரு வீட்டின் துயரம் தீர்வதோடு இன்னொரு வீட்டில் அடுப்பும் எரியும். 2025இல் தமிழக சட்டசபை இயற்றிய சட்டத்தால் ஸ்தல ஸ்தாபனங்களில் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினராக அமர வழி பிறந்திருக்கிறது; எந்த வீட்டில் எத்தனை வயதுத் தாய் இருக்கிறாள் என்ற பட்டியலைப் பஞ்சாயத்தில் படித்து, மையம் எப்போது திறக்கும் என்று கேட்பதற்கு அப்படி அமரும் உறுப்பினரைவிடத் தக்கவர் இல்லை. ஆனால் பராமரிப்பாளராக அமரும் அந்த இளம் பெண்களுக்குக் கொடுப்பது மதிப்பூதியம் என்று ஆகிவிடக் கூடாது. பள்ளிகளில் உள்ள சிறப்புப் பயிற்றுநர்களைப் பல வருஷங்களாகத் தொகுப்பூதியத்திலேயே வைத்திருந்ததன் பலன் நமக்குத் தெரியும்: நல்லவர்கள் சலித்து வெளியேறுகிறார்கள், முகம் மாறுவதையே தாங்கமாட்டாத பிள்ளை மூன்றாவது வருஷம் மூன்றாவது வாத்தியாரைப் பார்க்கிறது. பெரியவர்களுக்கான சேவையில் ஒரே ஆள் பத்து வருஷம் நிலைத்திருப்பது மருந்துக்குச் சமம். ஆகையால் பட்ஜெட்டில் முதலில் எழுதவேண்டியது கட்டடச் செலவு அன்று. வருஷா வருஷம் உயர்கிற, ஓய்வூதியத்தோடு கூடிய நிரந்தரச் சம்பளம்.